'ஜெராக்ஸ்' பிறந்த கதை: செஸ்டர் கார்ல்சனும் 21 வருடங்களும்

பரீட்சை நெருங்கிவிட்டால் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நிற்க இடம் கிடைக்காது. வகுப்பில் ஒழுங்காக எழுதும் ஒரே ஒரு புண்ணியவானின் நோட்டு, ஒரு மணி நேரத்தில் நாற்பது பேருடைய நோட்டாகிவிடும். ஜெராக்ஸ் என்பது ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயர் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. கேனான் மெஷினில் எடுத்தாலும் அது ஜெராக்ஸ்தான், ரிக்கோவில் எடுத்தாலும் ஜெராக்ஸ்தான்!

கம்பெனி பெயராவது இப்படி ஊரெல்லாம் பரவியிருக்கிறது. கண்டுபிடித்தவர் பெயரைக் கேட்டால் பதில் வராது. அவர் பெயர் செஸ்டர் கார்ல்சன். தன் முறை வேலை செய்யும் என்று அவர் செய்து பார்த்தது 1938-ல். அந்த முறையில் இயங்கும், அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பொத்தானை அழுத்திப் பயன்படுத்தக்கூடிய மெஷின் அறிமுகமானது 1959-ல். நடுவில் 21 வருடங்கள். சாதனைப் பட்டியல்களில் இந்த இடைவெளி ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் கதையே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

தன்னம்பிக்கைப் புத்தகங்களில் வழக்கமாக ஒரு காட்சி வரும். நாயகன் பார்த்துக்கொண்டிருந்த வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு, "இனி என் கனவுதான்" என்று கிளம்புவான். கார்ல்சன் கதையில் அந்தக் காட்சி கிடையாது. அவர் வேலையை விடவே இல்லை. கிடைத்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஒரு யோசனையை வளர்த்தவர் அவர். அந்தப் பிடிப்புக்குக் காரணம் அவருடைய சிறு வயது.

1906-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். அப்பா முடி திருத்தும் தொழிலாளி. அவருக்கு மூட்டுவாதமும் காசநோயும் சேர்ந்து வந்து படுத்துவிட்டார். குடும்பம் ஊர் ஊராக மாறி கடைசியில் கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ பக்கம் வந்து சேர்ந்தது. பையன் எட்டு வயதிலேயே சில்லறை வேலைகளுக்குப் போக ஆரம்பித்தான். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது வீட்டுக்கு முக்கிய வருமானமே அவன் கொண்டுவருவதுதான். 17 வயதில் அம்மாவும் காசநோயில் போய்விட்டார்.

இந்தப் பையனுக்கு அச்சு எழுத்து என்றால் ஒரு பைத்தியம். பத்து வயதில் கையால் ஒரு பத்திரிகை தயாரித்து நண்பர்களிடம் சுற்றுக்கு விட்டான். பிறகு ஒரு அச்சகத்தில் வேலை செய்து, கூலிக்குப் பதிலாக ஒரு பழைய அச்சு இயந்திரத்தையே வாங்கிக்கொண்டான். மாணவர்களுக்கான வேதியியல் பத்திரிகை ஒன்றை அதில் அச்சடித்துப் பார்த்தான். இரண்டு இதழோடு நின்றுபோனது. எழுத்தைக் கோர்த்து அச்சடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது மட்டும் மனதில் நின்றது.

படிப்பும் இதே கதைதான். ரிவர்சைடு ஜூனியர் காலேஜில் ஆறு வாரம் வகுப்பு, ஆறு வாரம் வேலை என்று மாறி மாறிப் படிக்கும் ஏற்பாடு இருந்தது. அதில் சேர்ந்து படித்து, பிறகு புகழ்பெற்ற கால்டெக் கல்லூரியில் இயற்பியல் முடித்தார். 1930-ல் பட்டம் கையில் வந்தபோது கூடவே சுமார் 1,500 டாலர் கடனும் வந்தது.

1930 எப்படிப்பட்ட வருடம் என்று காமர்ஸ் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து, பெருமந்தம் ஆரம்பித்த நேரம். கார்ல்சன் 82 நிறுவனங்களுக்கு விண்ணப்பம் எழுதினார். 82-ல் ஒன்று கூட வேலை தரவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனியாக எழுதவோ டைப் செய்யவோ வேண்டும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

கடைசியில் நியூயார்க்கில் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தில் வாரம் 35 டாலர் சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தது. பெயர்தான் ஆராய்ச்சி. உள்ளே நடந்தது திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான வேலை. சலித்துப்போய் ஒரு வருடத்தில் அதே நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார். விஞ்ஞானி ஆக வேண்டும் என்று இயற்பியல் படித்தவர், இப்போது மற்றவர்கள் கண்டுபிடித்ததைப் பதிவு செய்யும் குமாஸ்தா மாதிரி. அதுவும் நிலைக்கவில்லை. 1933-ல் அந்த வேலையும் போனது. சில வாரங்கள் அலைந்து ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கேயும் நிலைமை சரியில்லாமல், பி.ஆர். மல்லோரி என்ற மின்பொருள் கம்பெனியின் காப்புரிமைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் டியூராசெல் பேட்டரியைக் கொடுத்த கம்பெனி அது.

தடம் மாறிப்போன வாழ்க்கை என்றுதான் அப்போது பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவருக்குத் தேவையான கேள்வியைக் கொடுத்ததே இந்த வேலைதான்.

காப்புரிமை அலுவலகத்தில் ஒரு ஆவணத்துக்குப் பல பிரதிகள் வேண்டும். பிரதி எடுக்க அன்று இருந்தவை இரண்டு வழிகள். கார்பன் பேப்பர் வைத்து டைப் அடிப்பது. அல்லது ஃபோட்டோஸ்டாட் கடைக்கு அனுப்பிப் புகைப்படமாக எடுப்பது. ஃபோட்டோஸ்டாட் செலவும் அதிகம், நேரமும் அதிகம். கார்பனில் ஒரு பெரிய குறை: முதலிலேயே திட்டமிட்டு கார்பன் வைத்தால்தான் பிரதி உண்டு. டைப் அடித்து முடித்த தாளுக்கு, வெளியிலிருந்து வந்த கடிதத்துக்கு, புத்தகத்தில் இருக்கும் பக்கத்துக்கு கார்பனால் ஒன்றும் செய்ய முடியாது. திரும்ப உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டியதுதான்.

இதோடு 1936-ல் நியூயார்க் சட்டக் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தார். சட்டப் புத்தகம் வாங்கக் காசு இல்லை. பொது நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதி எடுத்தார். எழுதி எழுதி விரல் பிடித்துக்கொள்ளும். அப்பாவைப் போலவே அவருக்கும் மூட்டுவாதம் ஆரம்பித்து முதுகு வலி வேறு. ஒரு பொத்தானை அழுத்தினால் பிரதி வரவேண்டும் என்ற ஆசைக்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா என்ன!

அதே நூலகத்தில்தான் விடையையும் தேடினார். தேடிய விதம் கவனிக்க வேண்டிய ஒன்று. புகைப்பட வேதியியலில் பெரிய கம்பெனிகள் ஏற்கனவே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தன. அங்கே போய்த் தனி ஆளாக மோதிப் பயனில்லை என்று ஒதுக்கிவிட்டு, யாரும் அதிகம் தொடாத பக்கம் போனார். சில பொருட்கள் இருட்டில் மின்சாரத்தைக் கடத்தாது, வெளிச்சம் பட்டால் கடத்தும். ஹங்கேரிய இயற்பியலாளர் பால் செலேனி நிலைமின்சாரத்தைக் கொண்டு படங்களைப் பதிவு செய்வது பற்றி எழுதிய கட்டுரைகளும் கண்ணில் பட்டன. இரண்டையும் சேர்த்தார். ஒரு தகட்டில் அப்படிப்பட்ட பொருளைப் பூசி, மின்னூட்டம் கொடுத்து, எழுத்தின் நிழல் விழும்படி வெளிச்சம் பாய்ச்சினால், வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னூட்டம் போய்விடும், எழுத்து இருந்த இடத்தில் மட்டும் தங்கும். மேலே பொடியைத் தூவினால் எழுத்தின் மேல் மட்டும் பொடி ஒட்டும். அதைக் காகிதத்துக்கு மாற்றிச் சூடு காட்டினால் பிரதி தயார். இன்று கடையில் இருக்கும் மெஷினிலும், லேசர் பிரிண்டரிலும் அடிப்படை இதேதான்.

ஒரு வேடிக்கை. முதல் காப்புரிமை விண்ணப்பத்தை அவர் போட்டது 1937 அக்டோபரில். அப்போது ஒரு எழுத்தைக் கூடப் பிரதி எடுத்திருக்கவில்லை! தினமும் அடுத்தவர்களுடைய விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு வாரம் தாமதமானால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சோதனைகள் முதலில் வீட்டு சமையலறையில் நடந்தன. அடுப்பில் கந்தகத்தை உருக்கி உலோகத் தகட்டில் பூசுவார். கட்டடம் முழுவதும் நெடி. 1934-ல் திருமணமாகி வந்த மனைவி எல்சாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பகலில் வேலை, மாலையில் சட்ட வகுப்பு, வீட்டுக்கு வந்தால் கந்தகம். சோதனையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதில் தவறே இல்லை. நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் மாமியாருக்குச் சொந்தமான வீட்டின் மாடியில் ஒரு அறை கிடைத்தது. உதவிக்கு, வேலை இல்லாமல் இருந்த ஓட்டோ கோர்னை என்ற ஆஸ்திரிய இயற்பியலாளரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்.

1938 அக்டோபர் 22. ஒரு கண்ணாடித் துண்டில் அன்றைய தேதியையும் அஸ்டோரியா என்ற பெயரையும் கோர்னை மையால் எழுதினார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டை, அறையை இருட்டாக்கிக்கொண்டு, கைக்குட்டையால் தேய்த்தார்கள். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்குவோமே, அதே நிலைமின்சாரம்தான். கண்ணாடியைத் தகட்டின் மேல் வைத்துச் சில நொடிகள் விளக்கு வெளிச்சம். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, லைகோபோடியம் என்ற தாவரத்தின் நுண்ணிய வித்துத்தூளைத் தூவி, மெல்ல வாயால் ஊதினார்கள். தூள் பறந்துபோக, தகட்டில் எழுத்து மட்டும் நின்றது. மெழுகுத் தாளை அழுத்தி எடுத்துச் சூடு காட்டியதும் உலகின் முதல் ஜெராக்ஸ் தயார். தற்செயலாக வந்ததா என்று பார்க்க மறுபடியும் செய்தார்கள். மறுபடியும் வந்தது.

கோர்னைக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒரு வருடத்துக்குள் ஐபிஎம் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது, வருங்கால வருமானத்தில் தனக்கு உண்டான பத்து சதவீதப் பங்கு ஒப்பந்தத்தையும் ரத்து செய்துகொண்டார். மங்கலாக நாலு எழுத்து தெரியும் ஒரு மெழுகுத் தாளுக்கும், மாதச் சம்பளத்துக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் அதையேதான் செய்திருப்பார்கள்.

அடுத்து கதவு தட்டும் படலம். 1939-லிருந்து 1944 வரை இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் கார்ல்சன் போனார். ஐபிஎம், ஜெனரல் எலக்ட்ரிக், ஆர்சிஏ, கோடாக் எல்லாரும் கையை விரித்தார்கள். இவர்களை முட்டாள்கள் என்று கிண்டல் செய்வது இன்றைக்கு ரொம்ப சுலபம். ஆனால் அவர்கள் இடத்தில் இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தால்? கார்பன் பேப்பரின் விலை ஒன்றுமே இல்லை. கார்ல்சன் கொண்டு வந்து காட்டியதோ ஒரு தகடு, கொஞ்சம் பொடி, ஒரு கைக்குட்டை. வந்த பிரதியும் தெளிவில்லை. அதை மெஷினாக மாற்ற எவ்வளவு செலவாகும் என்று அவருக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று "பிரதி எடுக்கும் சந்தை" என்று ஒன்றே கிடையாது. கையில் இருக்கும் எந்தத் தாளையும் நினைத்த நேரத்தில் பிரதி எடுக்கலாம் என்ற வசதி வந்த பிறகுதான் அந்தத் தேவையே வெளியே தெரிந்தது. மறுத்தவர்கள் கையில் இருந்த எண்கள் சரிதான். அந்த எண்களில் இல்லாத ஒன்றை கார்ல்சன் தன் விரல் வலியில் பார்த்திருந்தார்.

அவர் மட்டும் கலங்காத மலை மாதிரி இருந்தாரா? இல்லை. பலமுறை இதைக் கைவிட்டுவிட நினைத்ததாகவும், ஒவ்வொரு முறையும் திரும்ப வந்ததாகவும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அப்படித் திரும்பி வர முடிந்ததற்கு மல்லோரி கம்பெனிச் சம்பளம் முக்கியக் காரணம். சட்டப் படிப்பை 1939-ல் முடித்தார். காப்புரிமைப் பிரிவுக்கே தலைவரானார். அவருடைய முறைக்கான அடிப்படைக் காப்புரிமை 1942 அக்டோபர் 6-ம் தேதி கிடைத்தது. அதை எழுதியது ஒரு தேர்ந்த காப்புரிமை வழக்கறிஞர், அதாவது அவரே! வக்கீல் கட்டணம் மிச்சம் என்பது சின்ன விஷயம். பின்னாளில் பெரிய கம்பெனிகள் எதுவும் சுலபமாக உள்ளே நுழைய முடியாதபடி வேலி போட்டது அந்த எழுத்துதான்.

1944-ல் ஒரு காப்புரிமை வேலையாக மல்லோரிக்கு வந்த ரஸ்ஸல் டேட்டன் என்ற இளைஞரிடம் கார்ல்சன் தன் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவர் ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் இருக்கும் பாட்டெல் என்ற லாப நோக்கமற்ற ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர். இருபது கம்பெனிகளின் வரவேற்பறையில் காத்திருந்து கிடைக்காதது, அலுவலகத்தில் ஒரு பேச்சில் கிடைத்தது. பாட்டெல் ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்டது. கந்தகத்துக்குப் பதில் செலினியம் பூசினால் பல மடங்கு நன்றாக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தது பாட்டெல் ஆட்கள்தான். இன்று டோனர் என்கிறோமே, அந்தப் பொடியைப் பக்குவப்படுத்தியதும் அங்கேதான். தனி ஒருவனின் வெற்றி என்று இந்தக் கதையைச் சொல்வது கொஞ்சம் பொய்.

இந்தப் பக்கம் வாசல் திறந்த நேரத்தில் வீடு உடைந்தது. 1945-ல் எல்சாவும் கார்ல்சனும் விவாகரத்து பெற்றார்கள். மறு வருடம் டோரிஸ் என்பவரை மணந்தார். விடாமுயற்சிக் கட்டுரைகளில் எல்சாவுக்கு ஒரு வரி கூட இருக்காது. பத்து வருடம் அந்த நெடியைத் தாங்கியவர் அவர்.

அடுத்து வருகிறது ஹாலாய்டு. ராசெஸ்டர் நகரில் கோடாக்கின் நிழலில் புகைப்படக் காகிதம் தயாரித்து வந்த சின்னக் கம்பெனி. ஆரம்பித்த வருடம் 1906, கார்ல்சன் பிறந்த அதே வருடம். போருக்குப் பிறகு லாபம் தேய்ந்துகொண்டிருந்தது. புதிதாகத் தலைமைக்கு வந்த ஜோசப் வில்சன், ஹார்வர்டில் எம்பிஏ படித்தவர், பழைய சரக்கை நம்பிக் காலம் தள்ள முடியாது என்று புரிந்துகொண்டார். அவருடைய ஆராய்ச்சித் தலைவர் ஜான் டெஸ்ஸவர் ஒரு பத்திரிகைக் குறிப்பில் கார்ல்சனின் முறையைப் பற்றிப் படித்திருந்தார். 1946 டிசம்பரில் பாட்டெலுடன் ஒப்பந்தம் போட்டார்கள். வேறு வழி தேடிக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்குத்தான் இந்தத் தகட்டின் அருமை தெரிந்தது என்பதையும் கவனிக்கலாம். வசதியாக இருந்தவர்களுக்கு அவசரம் இல்லை.

பெயருக்காக ஒரு கிரேக்க மொழிப் பேராசிரியரைக் கேட்டார்கள். உலர்ந்த, எழுத்து என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து 'ஜெராகிராபி' என்றார். அஸ்டோரியா சோதனை நடந்து சரியாகப் பத்து வருடம் கழித்து, 1948 அக்டோபர் 22 அன்று டெட்ராய்ட்டில் உலகுக்கு அறிவித்தார்கள். 1949-ல் வந்த முதல் மெஷின் படுதோல்வி. ஒரு பிரதிக்கு ஏகப்பட்ட கைவேலை. நல்ல வேளையாக, ஆஃப்செட் அச்சுக்குத் தகடு தயாரிக்க அது உதவும் என்று தெரிந்து, அதை வைத்துக் காலத்தை ஓட்டினார்கள். கார்ல்சன் ராசெஸ்டருக்கே குடிபோய் ஆலோசகராக வேலை பார்த்தார்.

இன்னும் பத்து வருடம்! 1947-க்கும் 1960-க்கும் இடையில் ஹாலாய்டு இந்த ஒரு முறைக்காகச் செலவழித்தது சுமார் 7.5 கோடி டாலர். அதன் மற்ற வியாபாரத்தில் அந்தக் காலகட்டத்தில் சம்பாதித்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மீதிக்குக் கடனும் பங்கு வெளியீடும். நடுவில் ஐபிஎம்மைக் கூட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஐபிஎம் ஒரு ஆலோசனை நிறுவனத்தை வைத்து ஆராய்ந்து, அலுவலகச் சந்தையில் இதற்கு எதிர்காலம் இல்லை என்ற அறிக்கையைப் பார்த்து மறுபடியும் ஒதுங்கிக்கொண்டது.

1959 செப்டம்பர் 16-ல் 914 என்ற மெஷின் நியூயார்க்கில் அறிமுகமானது. 9 அங்குலம் அகலம், 14 அங்குலம் நீளம் வரை உள்ள தாளைப் பிரதி எடுக்கும் என்பதால் அந்தப் பெயர். எடை சுமார் 295 கிலோ. நிமிடத்துக்கு ஏழு பிரதி. காகிதம் சிக்கினால் சில சமயம் தீப்பிடிக்கும் என்பதால் கூடவே ஒரு சிறிய தீயணைப்பானும் தந்தார்கள். அதைத் தீயணைப்பான் என்று சொன்னால் வாங்குபவர் பயந்துவிடுவார் என்று 'கருகல் நீக்கி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்களாம். மார்க்கெட்டிங் என்றால் இது!

இத்தனை பெரிய மெஷினை விலைக்கு வாங்க ஆள் குறைவு. அதனால் மாதம் 95 டாலர் வாடகைக்குக் கொடுத்தார்கள். மாதம் 2,000 பிரதி வரை அதிலேயே அடங்கும், அதற்கு மேல் பிரதிக்கு 4 சென்ட். 2,000-ஐத் தாண்டவே மாட்டார்கள் என்பதுதான் சந்தேகப்பட்டவர்களின் கணக்கு. சீக்கிரமே ஒரே நாளில் 2,000 எடுக்க ஆரம்பித்தார்கள். 1959-ல் சுமார் 3.3 கோடி டாலராக இருந்த விற்பனை 1966-ல் 50 கோடியைத் தாண்டியது. 1961-ல் கம்பெனியின் பெயரே ஜெராக்ஸ் கார்ப்பரேஷன் ஆனது.

ஐம்பத்து நாலு வயதுக்குப் பிறகு கார்ல்சனிடம் பணம் கொட்டியது. முன்பு விலகிப்போன கோர்னைக்கு, கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாமலே, 100 ஜெராக்ஸ் பங்குகளை அனுப்பி வைத்தார். மற்ற பணத்தைப் பெயர் வெளியே வராமல் கல்லூரிகளுக்கும், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கும், உலக சமாதான முயற்சிகளுக்கும் கொடுத்துக்கொண்டே வந்தார். 1968-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை அமெரிக்காவின் பெரும் பணக்காரர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தபோது, தன் சொத்தை 15 கோடி டாலர் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள் என்று திருத்தக் கடிதம் எழுதினார். அந்த வருடம் செப்டம்பர் 19-ம் தேதி நியூயார்க்கில் ஒரு திரையரங்கில் தனியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார். வயது 62.